சட்டையில் எழுதியிருப்பது யாருடைய கதை?

கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மணமக்களின் முகத்தை ஆரி வேலைப்பாட்டில் தைத்துக் கொடுக்கிறார்கள். பட்டுப் புடவையின் முந்தானையில் இருவர் பெயரையும் நெய்து தருகிறார்கள். கல்லூரி முடித்துப் பிரியும் மாணவர்கள் வெள்ளைச் சட்டையில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். செல்பேசியில் படத்தை அனுப்பினால் மறுநாளே டி-சர்ட்டில் அச்சடித்துத் தரும் கடை சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. உன் உடையில் உன் கதையைச் சொல் என்கிறது சந்தை.

இதில் தவறு ஏதுமில்லை. ஒரு மனிதர் தன் கதையைத் தன் உடம்பில் சுமந்து நடப்பது அவர் உரிமை.

ஆனால் ஊர்த் திருவிழாவும் குருபூசையும் கபடிப் போட்டியும் வந்துவிட்டால், அதே கடையில் அதே இயந்திரம் வேறொரு சரக்கை அச்சடிக்கிறது. வாள், சிங்கம், முறுக்கிய மீசை, கீழே சாதிப் பெயர், அதற்கும் கீழே ‘ஆண்ட பரம்பரை’. ஐம்பது, நூறு என்று மொத்தமாக ஆர்டர் போகிறது. கேட்டால், ‘இது எங்கள் அடையாளம், எங்கள் வரலாறு, நாங்கள் போடுகிறோம், உங்களுக்கு என்ன?’ என்கிறார்கள். இதற்குக் கருத்துச் சுதந்திரம் என்று பெயர் சூட்ட நான்கு அறிவாளிகளும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு என்ன என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் உடையில் கதை எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது அச்சுக் கடை இல்லை, சாதி. அது எழுதிய கதைகளைப் படித்துவிட்டு வந்தால்தான் இந்த டி-சர்ட்டில் இருப்பது என்னவென்று விளங்கும்.

சாதி தைத்த உடை

மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு உடை வகுத்திருக்கிறது. பிணத்தின் மேல் கிடந்த துணிதான் அவர்கள் ஆடை, இரும்புதான் அவர்கள் நகை. பார்த்த உடனே இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தையலின் நோக்கம்.

பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரத்துக்குள் வரும் தீண்டப்படாதவர் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் மண் கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எழுதுகிறார். அங்கேயே இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். மராட்டிய நாட்டில் தீண்டப்படாதவர் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். தெரியாமல் தொட்டுவிட்டுச் சாதி இந்து தீட்டாகிவிடக் கூடாதே, அதற்கு ஓர் எச்சரிக்கைப் பலகை. மணிக்கட்டுக் கயிறு என்ற இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் பள்ளிக்கூடத்துக்குள் போகும்போது தேவைப்படும்.

இந்தூர் பகுதியில் பல கிராமங்களின் சாதி இந்துக்கள் பலாய் மக்களுக்குச் சட்டம் போட்டதாக 1928 ஜனவரியில் செய்தி வந்தது. சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக் கூடாது. வண்ணக் கரை, அலங்காரக் கரை போட்ட வேட்டி உடுத்தக் கூடாது. பெண்கள் பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. கவனியுங்கள், வேட்டி உடுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. கரை கூடாது. ஒரு விரற்கடை அகல வண்ணம் சாதியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

வடக்கே போக வேண்டியதும் இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். எட்டில் பெரும்பாலானவை உடம்பைப் பற்றியவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையும் தாவணியும் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆறு மாதத்தில், 1931 ஜூனில், எட்டு பதினொன்றானது.

தோள்சீலைப் போராட்டத்தை இன்று எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அதன் முடிவை மட்டும் உற்றுப் பார்ப்பதில்லை. திருவிதாங்கூரில் கிறித்துவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் ஆணை வந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை அணிவதற்கு 1829இல் அரசு மீண்டும் தடை போட்டது. சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகளும் சபைகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26இல் மன்னர் பணிந்தார். பணிந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் மட்டும் கூடாது.

மானத்தை மறைக்க அனுமதி கொடுத்த பிறகும் பாணியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஏனென்றால் உடை என்பது சாதிக்குத் துணி கிடையாது, அது ஒரு பதிவேடு. பக்கம் மாறினால் கணக்குக் குழம்பிவிடும்.

இந்த வரலாறு பிள்ளைகளுக்குத் தெரிவதுகூடப் பொறுக்கவில்லை. தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்ற பகுதியில் இருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் உடையின் சமூக வரலாறு பற்றிய அந்த ஒன்பதாம் வகுப்பு அத்தியாயத்தையே என்சிஇஆர்டி தூக்கி எறிந்துவிட்டது.

அளவெடுத்துத் தைத்த சட்டை

‘அதெல்லாம் பழைய கதை’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அப்பாவின் இளமைக் காலத்தில் எங்கள் ஊர்த் தையல்காரர் சேரி ஆட்களுக்கு நாடா வைத்து அளவெடுக்க மாட்டார். ‘அளவுச் சட்டை கொண்டுவா’ என்பார். பழைய சட்டையைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். அவர் குச்சியால் எடுத்து உதறிப் பார்த்து அதன்படி வெட்டுவார். வளரும் பையனுக்குப் போன வருடத்து உடம்பின் அளவில் சட்டை வரும். அக்குளில் இறுக்கும், கை தூக்கினால் கிழியும். கூலி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தன் தோளுக்கு அளவெடுத்த முதல் சட்டையை அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் போட்டார். அங்கே அளவெடுத்தவர் அவர் பெயரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை.

அளவெடுத்துத் தைத்த உடை என்பது சிலருக்குச் சாதாரணம். எங்களுக்கு அது இன்னொரு மனிதன் எங்கள் உடம்பைத் தொட ஒப்புக்கொண்டதன் அத்தாட்சி. அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் ஏன் எங்கள் ஊர்ச் சிலைகளில் அத்தனை கவனமாகப் பொத்தான் பொத்தானாக வடிக்கப்படுகிறது என்று இப்போது புரிகிறதா?

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். நாடே கண்ணீர் விட்டது. அம்பேத்கர் கோட்டு மாட்டினார். வெள்ளைக்காரனைக் காப்பியடிக்கிறார் என்றார்கள். கழற்றினால் தியாகம், போட்டால் திமிர்! பெட்டியில் சட்டை வைத்திருப்பவன்தான் சட்டையைத் துறக்க முடியும். பெட்டியே இல்லாதவனுக்குப் போட்டுக்கொள்வதுதான் போராட்டம். 1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் அம்பேத்கர் உடையைப் பற்றித்தான் பேசினார். தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கும் கட்டு முறையை விடுங்கள், கனத்த வெள்ளிக் காப்புகளையும் தண்டைகளையும் கழற்றுங்கள், கணுக்கால் வரை சேலை உடுத்துங்கள் என்றார். மறுநாளே அந்தப் பெண்கள் சேலைக் கட்டை மாற்றினார்கள். தங்கள் கதையைத் தங்கள் உடையில் எழுதிய முதல் நாள் அதுதான்.

அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 2012 நவம்பர் 7இல் தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று தலித் மக்களின் மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகச் சொன்னது என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்றார். எரிந்தது வீடு, குற்றவாளி கால்சட்டை! 2023இல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்ததற்காக ஒரு தலித் இளைஞர் அடிக்கப்பட்டார். இராமநாதபுரத்துப் பட்டியலில் பனியன் இருந்த இடத்தில் இப்போது ஜீன்ஸ் இருக்கிறது. பட்டியல் அதேதான்.

சாதிச் சட்டையும் நீலச் சட்டையும்

இப்போது அந்த டி-சர்ட்டுக்கு வருவோம்.

அதைப் போட்டிருக்கும் பையனைப் பாருங்கள். பெரும்பாலும் அவன் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் மிதிப்பவனாக இருப்பான், அல்லது லோடு ஆட்டோ ஓட்டுபவனாக இருப்பான். இரவு ஷிப்ட் பார்த்துக் கண் சிவந்திருக்கும். வீட்டில் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் ஆள் வந்து நிற்பார். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனதும், அக்கா கல்யாணத்துக்குக் காட்டை அடமானம் வைத்ததும், ஒருத்தியை விரும்பிச் சொல்லாமலே விட்டதும் அவன் கதை. இதில் ஒரு வரியாவது அந்தச் சட்டையில் இருக்கிறதா? வாளும் சிங்கமும்தான் இருக்கின்றன. அவன் கையால் தைத்த பனியனில் அவனுக்கே இடமில்லை. அவன் தாத்தாவும் ஆண்டவர் இல்லை. யாருக்கோ வாரத்துக்கு உழுதவர்தான். ஐம்பது பேர் ஆர்டர் கொடுத்துச் செய்த சட்டையில் ஐம்பது பேரில் ஒருவருடைய கதையும் கிடையாது. இதற்குப் பெயர் அடையாளமா? பழைய சாதிச் சீருடைதான் புதிய மையில் வந்திருக்கிறது.

சரி, அது வெறும் வெட்டிப் பெருமை என்று விட்டுவிடலாமா? முடியாது. அது வேலை செய்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. பேஷ்வா ஊரில் தீண்டப்படாதவனுக்கு மட்டும் இருந்த கயிறு, நம் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. யாரோடு உட்காரலாம், யாரை அடிக்கலாம், அடிக்கும்போது யார் நம் ஆள் என்பதைக் கயிறு சொல்கிறது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியதும் இந்து மத நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று எச். ராஜா கூச்சல் போட்டார். அன்றைய அமைச்சரோ தனக்குத் தெரியாமல் வந்தது என்று கை கழுவினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் அவர்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி வண்ணம் பூசிய சைக்கிள் வரை தடை செய்யச் சொன்னது. தடை வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பள்ளிக் கதவு வரைக்கும்தான் தடை. கதவுக்கு வெளியே அண்ணன்மார் அதே நிறத்தில் டி-சர்ட் போட்டுப் போலீஸ் பாதுகாப்போடு ஊர்வலம் போகிறார்கள். பையன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்?

இங்கேதான் நடுநிலையாளர் குறுக்கே வருவார். ‘அவர்கள் சாதிச் சட்டை போடுகிறார்கள், நீங்கள் அம்பேத்கர் சட்டை போடுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே? இரண்டையும் தடை செய்தால் தீர்ந்தது.’ அதிகாரிகளுக்கும் இந்த வாதம் மிகவும் பிடிக்கும். யாரையும் பகைக்க வேண்டாம் அல்லவா?

ஐயா நடுநிலையாளரே, ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். அம்பேத்கர் படம் போட்ட நீலச் சட்டையை ஒரு பார்ப்பனப் பையன் போடலாம், ஒரு தேவர் வீட்டுப் பையன் போடலாம், ஒரு வெள்ளைக்காரன் போடலாம். எங்கள் தெருவில் எவனும் அவனை மறித்து ‘நீ எந்த ஆள்?’ என்று கேட்க மாட்டான். கையைப் பிடித்து உள்ளே கூப்பிடுவான். ‘ஆண்ட பரம்பரை’ சட்டையை எங்கள் தெருப் பையன் ஒருவன் மாட்டிக்கொண்டு அந்தத் திருவிழாவுக்குள் நடந்து போகட்டும். உயிரோடு திரும்புவானா?

அவ்வளவுதான் வித்தியாசம். பிறந்தவன் மட்டுமே போடக்கூடியது சாதிச் சட்டை. சேர்ந்த எவரும் போடக்கூடியது இயக்கச் சட்டை. பெரியாரின் தொண்டர்கள் 1940களில் கறுப்புச் சட்டை போட்டார்கள். சூத்திரன் என்ற இழிவின் துக்கத்தை அறிவிக்கும் நிறமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரையும் தாழ்த்த வந்த சட்டை இல்லை, தாழ்வைச் சுட்டிக்காட்ட வந்த சட்டை. 1948இல் அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. சாதிச் சட்டையிடம் அரசு அவ்வளவு கடுமை காட்டியதில்லை. எந்தச் சட்டை இருப்பதைக் காப்பாற்றும், எது அதைப் புரட்டிப் போடும் என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்தச் சோதனை எதிரிக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே. நம் தெருக்களிலும் இப்போது உட்சாதிப் பெயரைப் போட்டு, ‘நாங்களும் ஆண்டோம்’ என்று வாளும் கிரீடமும் அச்சடிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. அடித்தவனின் சட்டையைப் பார்த்து நாமும் ஒன்று தைத்துக்கொள்ளும் ஆசை புரிகிறது. நூற்றாண்டுகளாகக் குனிய வைக்கப்பட்டவன் நிமிரும்போது கையில் கிடைத்த கிரீடத்தை எடுத்து வைத்துக்கொள்கிறான். ஆனால் பக்கத்துத் தெரு அருந்ததியப் பையன் அதைப் போட முடியுமா? புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளை போட முடியுமா? நமக்கும் துணி வெளுத்துக் கொடுத்துவிட்டு, நம்மாலும் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் போட முடியாத சட்டை எதுவாக இருந்தாலும், அதில் என்ன நிறம் இருந்தாலும், அது சாதிச் சட்டைதான். நீலம் அதைக் காப்பாற்றாது.

அப்படியானால் உடையில் கதையே எழுதக் கூடாதா? தாராளமாக எழுதுங்கள். எழுத வேண்டிய கதைகள் எவ்வளவோ கிடக்கின்றன. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்று ஒரு பெண் தன் சட்டையில் போட்டுக்கொள்ளட்டும். சாதி மறுத்து மணந்தவர்கள் ரவிக்கையில் இருவர் பெயரையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளட்டும். அந்த ரவிக்கைக்கு இந்த மாநிலத்தில் உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். பனியன் கம்பெனிப் பையன் தான் மிதித்த மிஷினின் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும். தையல்காரரின் மகளும் தறிக்காரரின் மகனும் தங்கள் தொழிலை எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கதைகளுக்குச் சொந்தக்காரர் உண்டு.

செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. சாதிப் பெருமை அச்சடிக்கும் ஆர்டரை வாங்க மாட்டோம் என்று அச்சுக் கடை நடத்தும் தோழர்கள் முதலில் அறிவிக்க வேண்டும். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் அனுமதி கொடுக்கும் காவல்துறை, ஒலிபெருக்கிக்கு நிபந்தனை போடுவதைப் போலச் சாதி டி-சர்ட்டுக்கும் நிபந்தனை போட வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரைகள் பள்ளிச் சுவரோடு நின்றுவிடாமல் விளையாட்டுத் திடலுக்கும் கல்லூரிக்கும் போக வேண்டும். பாடப்புத்தகத்தில் இருந்து தூக்கிய தோள்சீலை வரலாற்றை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும், கேள்வித்தாளில் வராவிட்டாலும்.

எல்லாவற்றையும்விட ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அந்தச் சட்டையைப் போட்டிருக்கும் பையனை அடுத்த முறை பார்க்கும்போது அவன் சாதியோடு சண்டைக்குப் போவதற்கு முன் அவனிடம் பேசுங்கள். எந்தக் கம்பெனியில் வேலை, ஷிப்டுக்கு எவ்வளவு தருகிறார்கள், பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்ட பரம்பரைக்கு மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவன் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து அதே கூலிக்குத் தைப்பவன் நம் தெருப் பையன் என்பது அவனுக்கும் தெரியும். சம்பளம் கேட்டு இருவரும் சேர்ந்து வாசலில் நிற்கும் நாளில், எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.